கூரைக்கு மேல ஒரு கெளை

கார்க் கதவ மெதுவாச் சாத்துங்க சார். மெதுவா, மெதுவா. அடிச்சுச் சாத்துனா அம்புட்டுக் கூடும் கலைஞ்சிரும்... சரி, இப்பம் கலையதுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பழக்கம், என் வாயி சும்மா இருக்காது.

நீங்க பிந்தி வந்துட்டீய. ஆடி பொறந்தாச்சுல்லா, எல்லாம் பறந்து போயாச்சு. மாசி பங்குனியில வந்திருக்கணும். இந்தப் புளியமரத்த அப்பம் பாக்கணும் நீங்க, எல கண்ணுக்குத் தெரியாது. மஞ்சமூக்கு நாரை ஒரு பக்கம், கூழைக்கடா ஒரு பக்கம், ஒரு கெளையில நாலு கூடு, அஞ்சு கூடு. குஞ்சு எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும். இப்பம் வெறும் சுள்ளியப் பாக்கதுக்கு அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீய, பாவம்.

இரிங்க. அந்தக் கட்டில்ல இரிங்க. தட்டிட்டு இரிங்க, எச்சம் காஞ்சு கெடக்கும். எனக்குக் காப்பி போட வராது, மோர் தாரேன் குடிங்க. வீட்ல பொம்பளயாளு இல்ல. ஏன் இல்லன்னு நீங்க கேக்கல, நானே சொல்லிருதேன். ஊருக்குள்ள போயிக் கேட்டீயன்னா ஆளுக்கொரு மாதிரி சொல்லுவானுவ. அதுக்கு என் வாயாலயே கேட்டுட்டுப் போங்க.

நான் இசக்கியப்பன். செங்கால்குளத்துல பறவைக் காவலர் யாருன்னா சின்னப்புள்ள கூட கைய நீட்டி என் வீட்டக் காட்டும். சம்பளம் கெடையாது, தன்னார்வலர். பாரஸ்ட்காரவ ஒரு தொப்பி குடுத்திருக்காவ, ஒரு விசில் குடுத்திருக்காவ, கழுத்துல தொங்கவிடுத அட்டை ஒண்ணு குடுத்திருக்காவ. அட்டையில என் போட்டோ இருக்கு பாருங்க. சொந்தச் சோலின்னா கொளத்துக்குக் கீழ கொஞ்சம் வாழை. வாழை தன்னால வளரும். இதுகளப் பாக்கதுக்குத்தான் ஆளு வேணும்.

எங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தீபாவளிக்கு வெடி கெடையாது. மார்கழி தொட்டு ஆனி முடிய கல்யாணத்துக்கு மேளம் கெடையாது, கோயில் கொடைக்கு மைக் செட்டு கெடையாது, எழவு வீட்டுல கொட்டு கெடையாது. கூடு இருக்க மரத்துல ஒரு குச்சிய ஒடிக்கக் கூடாது. இதெல்லாம் எங்க தாத்தன் பூட்டன் காலத்துலயே வந்தது. பறவை இறங்குன வீட்டுல கொறையே வராதுன்னு சொல்லுவாவ. ஆனா வழக்கம்னு வாயால சொன்னாப் போதுமா? ஒருத்தன் நின்னு பாக்கணும்லா! ரெண்டு தலமொறையா எல்லாம் எளகிப் போயிக் கெடந்துது. ஒருத்தன் டிவிய அலற விடுதான், ஒருத்தன் டிராக்டர்ல பாட்டுப் போட்டுக்கிட்டுப் போறான். நான் தொப்பியப் போட்ட பொறவுதான் ஊரு ஒழுங்குக்கு வந்துது.

முந்தின வருசம் மாசியில தங்கையாவோட ஆத்தா செத்துப் போச்சு. தங்கையா இந்தா அடுத்த வீடு, அந்தப் பச்சைக் கதவு. அரைக்கால் டவுசர் போட்ட நாள்ல இருந்து எனக்குக் கூட்டாளி. கொட்டு வேண்டாம்னு அவனே சொல்லிட்டான், அது வரைக்கும் சரி. ஆனா வெளியூர்ல இருந்து பொம்பளைக வந்து எறங்குதாவ பாருங்க, தெரு முக்குலயே தொடங்கிருதாவ. மாருல அடிச்சுக்கிட்டு அழுகாவ. மரத்துல நாரை எல்லாம் எந்திரிச்சு நிக்கி. முட்டை குளுந்து போகும் சார்! நான் போயிச் சொன்னேன். அழக்கூடாதுன்னு சொல்லல தாயி, வாய்க்குள்ள அழுங்கன்னேன். ஒருத்தி நிறுத்தல. விசில ஊதுனேன். பொறவுதான் சேலை முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு அழுதாவ. அந்த வெளியூர்க்காரி ஒருத்தி கேக்கா, "ஏன்யா, ஒம்ம விசில் சத்தத்துக்குப் பறவை கலையாதா"ன்னு. மூதி, அது அதுகளுக்குப் பழகுன சத்தம்லா!

தங்கையா தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அதுல இருந்து அவன் எங்கூடப் பேச்சக் கொறச்சுக்கிட்டான். கொறச்சா கொறச்சுக்கிட்டுப் போறான், எனக்கு என்ன? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு வீட்ட விட்டுருவேன்னு நெனைக்காதீங்க. எங்க வீட்டுல எவளும் சத்தம் போட மாட்டா. என் பொண்டாட்டி செல்லக்கனி என்னைய ஒரு நாள் கூவிக் கூப்பிட்டதில்ல, கைய ஆட்டுவா, இல்ல பக்கத்துல வந்து நிப்பா. என் மக கோமதி, ஒரே புள்ள, கோமுன்னுதான் கூப்பிடுவோம், அவ சின்னதுல அழுதாக் கூட ஊமையாட்டுதான் அழுவா. அப்பிடி வளத்திருக்கேன். அவளுக்குத் தை பொறந்தா இளைப்பு வந்துரும், சின்னப்புள்ளையில இருந்தே. வீசு வீசுன்னு நெஞ்சு இழுக்கும். ஆனி ஆடியில சரியாப் போயிரும். பனி ஒத்துக்கிடல, வேற என்ன. பனிக்காலத்துல எல்லாத்துக்கும் வாரதுதான்.

அவளுக்குக் கல்யாணம் வள்ளியூர் மண்டபத்துல, ஆவணி மாசம். பறவை இல்லாத மாசம் பாத்துத்தான் தேதி வச்சேன். மாப்ள மகாராஜன் நல்ல பையன், செல்போன் டவர் வேலை பாக்கான், வாயத் தெறந்து பேச மாட்டான். அடுத்த ஆடியில நாள் தள்ளிப்போச்சு, உண்டாயிருக்கான்னு சொன்னாவ. எனக்குச் சந்தோசந்தான். தை பொறந்ததும் வளகாப்பு. வளையலப் போட்டு இங்கன கூட்டியாந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான, அத மாத்த முடியுமா?

அவ வந்த அன்னைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்மா கோமு, ஒனக்கும் ஒரு கூடு, அதுகளுக்கும் ஒரு கூடு, இந்த வருசம் நம்ம வீட்டுல எல்லாருக்கும் குஞ்சு"ன்னேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பு ஒரு வாரந்தான் இருந்துது.

அந்த வாரமே இளைப்பு வந்துருச்சு. இந்த வாட்டி கொஞ்சம் கூடுதல். வயித்துல புள்ள வேற முட்டுதுல்லா. செல்லக்கனி நாங்குநேரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரம்மா கேட்டாவளாம், வீட்டுப் பக்கத்துல கோழிப்பண்ணை இருக்கா, புறா வளக்கியளான்னு. இவ எல்லாத்தயும் சொல்லிட்டா. மரம், கூடு, ஓட்டு மேல எச்சம், காஞ்சா தூளாப் பறக்கது, எல்லாம். அந்தத் தூசிதான் ஆகலயாம். சின்ன வயசுல இருந்தே அதுதானாம்! புள்ளதாச்சிக்கு மூச்சு கொறஞ்சா வயித்துப் புள்ளைக்கும் மூச்சு கொறையுமாம். வேற எடத்துல வச்சுக்கிடுங்க, இல்லன்னா தலைக்கு மேல இருக்கதையாச்சும் அகத்துங்கன்னாவளாம்.

நீங்களே சொல்லுங்க சார். இந்த ஊர்ல எத்தன புள்ள பொறந்திருக்கு, இந்த மரத்துக்கு அடியில? நான் பொறக்கலயா? எனக்கு ஒரு தும்மல் வந்திருக்கா? உங்களுக்கு நாத்தம் அடிக்கா? மூக்கப் பொத்துதீயளே. எனக்கு ஒண்ணும் தெரியல.

செல்லக்கனி வந்து எங்கிட்ட மெதுவாத்தான் சொன்னா. இந்தா பாருங்க, இந்தக் கெளை. இதுதான் பெரிய கெளை, நேரா உள் ரூம்பு ஓட்டுக்கு மேல சாஞ்சிருக்கு. கோமு படுக்கது அந்த ரூம்புலதான். "இதுல இன்னும் முட்டை வைக்கல. சுள்ளிதான் கொண்டாந்து போட்டுக்கிட்டு இருக்கு. இத ஒண்ண மட்டும் வெட்டிருவோம். மத்தது பூராவும் இருக்கட்டும். அதுக அங்கிட்டு மாறிக்கிடும்"னா.

நான் பாரஸ்டர் சார்ட்டயே போயிக் கேட்டேன். வெட்டக் கூடாதுன்னு சொல்லுவாருன்னுதான் போனேன். அவரு என்னடான்னா, "இசக்கியப்பன், புள்ளதாச்சிப் பொண்ணு இருக்க வீடு. முட்டை இல்லேல்லா. நான் வந்து நிக்கேன், மேல எழுதிக்கிடுதேன், வெட்டிக்கோங்க"ன்னுட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. காக்கிச் சட்ட போட்டவரு பேசுத பேச்சா இது? இப்பிடி ஆளுக்கொரு கெளையா வெட்டச் சொல்லித்தான் நாட்டுல காடு அழிஞ்சுது.

நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னு சொல்லுதேன். பறவைக்காகன்னு மட்டும் நெனைக்காதீங்க, நான் ஒளிக்க மாட்டேன். நாளைக்கு நான் அந்தக் கெளைய வெட்டுனேன்னு வைங்க, தங்கையா என்ன சொல்லுவான்? எங்க ஆத்தா சாவுக்கு வாயத் தெறந்து அழக்கூடாதுன்னு விசில் ஊதுனவன், அவன் மகளுக்குன்னதும் கெளையவே வெட்டுதான்னு சொல்ல மாட்டானா? ஊரே சொல்லும்லா! பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தொப்பியப் போட?

அப்பம் பாருங்க, தங்கையாவே வந்தான். செல்லக்கனி அவன் பொண்டாட்டிகிட்ட அழுதிருப்பா போல. வந்து இந்தக் கட்டில்லதான் இருந்தான். "வே இசக்கி, வெட்டும்வே. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஊர்ல ஒருத்தன் சொன்னாலும் நான் கேக்கேன். நம்ம புள்ளவே அது"ன்னான். என்ன தந்திரம் பாத்தீயளா? வெட்ட வச்சு வேடிக்க பாக்கதுக்கு வந்திருக்கான்! நான் சிரிச்சேன். ஏல, நான் ஒனக்கு முந்திப் பொறந்தவன்லேன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். "ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ"ன்னுட்டேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்பம்னா எங்க அண்ணன் வீட்டுக்காவது, நாங்குநேரிக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்கன வச்சுப் பேறு பாப்போம்னா செல்லக்கனி. ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? தலைப்பிரசவத்த மச்சினன் வீட்டுல வச்சா சம்பந்தக்காரி என்ன நெனைப்பா? பெத்த அப்பனுக்கு வக்கில்லன்னு நெனைக்க மாட்டாளா? இங்கனதான்னுட்டேன்.

நான் ஒண்ணும் பாக்காம விட்டுறல சார். சன்னலுக்கு நனஞ்ச சாக்கு கட்டுனேன். தெனமும் விடியங்காட்டி ஓட்டு மேல ஏறித் தண்ணி ஊத்துனேன், தூசி பறக்கக் கூடாதுன்னு. மூக்குக்குப் போடுத மாஸ்க் வாங்கியாந்து குடுத்தேன். கோமு அதப் போட்டுக்கிட்டு ரூம்புக்குள்ளயே இருந்தா. ஒரு நாள் எங்கிட்ட வந்து நின்னா. பேசக் கூட முடியல, நின்னு நின்னு சொல்லுதா. "எப்பா, எனக்கு மூச்சு விட முடியலப்பா. ஒரு கெளைதானப்பா." அவ தலையத் தடவி, "பங்குனி வரட்டும்மா, பனி போயிரும்"னேன். என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு போயிப் படுத்துக்கிட்டா. பொறுமையான புள்ள, அவங்க அம்மை மாதிரி கெடையாது.

அதுக்குள்ள முட்டை வச்சாச்சு. அந்தக் கெளையிலதான் மொத முட்டை! பாத்தீயளா, நான் சொன்னேம்லா. வெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?

மாசி கடசி. மத்தியானம். கொளத்து அந்தக் கரையில மதுரைப் பயலுவ கொஞ்சம் பேரு, குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒண்ணப் பறக்க விட்டுப் படம் எடுக்கானுவ. உயிரே போச்சு எனக்கு. ஓடிப் போயி நிறுத்துனேன். அவனுவகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். என் போன்ல சத்தம் வராது, கரைக்குப் போகும்போது அமத்திருவேன், அது என் பழக்கம். அப்பம் பாக்கேன், கரை மேல தூரத்துல செல்லக்கனி ஓடியாரா. கைய ஆட்டிக்கிட்டு ஓடியாரா. சேலை அவுந்து இழுபடுது, வாயத் தெறக்கல. சோத்துக்குக் கூப்பிடுதா போலுக்குன்னு நான் நெனச்சேன். வாரேன் இருன்னு கையக் காட்டுனேன். பறவை பயந்துரப் போகுதேன்னு உதட்டுல வெரல வச்சும் காட்டுனேன். அவ நிக்கல. இங்கன இருந்து அந்தக் கரைக்கு எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க. அம்புட்டுத் தூரமும் ஒரு சத்தம் போடாம ஓடியாந்து என் சட்டையப் புடிச்சா. "கோமுக்கு மூச்சு நின்னுபோச்சு"ன்னா.

பெத்த வயிறு அவளுக்குன்னா பெத்த நெஞ்சு எனக்கு இல்லையா? ஓடுனேன். அவளுக்கு முந்தி ஓடுனேன். பாதிக் கரையில வரும்போதே ரோட்டுப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டுது. ஆம்புலன்ஸ். செல்லக்கனி ஓடுனதப் பாத்துட்டு தங்கையா பொண்டாட்டி வீட்டுக்குள்ள போயிப் பாத்திருக்கா, தங்கையா போன் போட்டிருக்கான், பக்கத்துலயே ஒரு வண்டி நின்னுருக்கு. அலறிக்கிட்டு வருது சார்! ஊ... ஊ...ன்னு! குஞ்சு பொரிச்ச நேரம். சின்னச் சின்னக் குஞ்சு, கண்ணு கூட சரியாத் தெறக்கல. தாய் பயந்து எந்திரிச்சா காலு தட்டிக் குஞ்சு விழும். தரையில விழுந்தா தலை செதறிப் போகும். ஒண்ணா ரெண்டா, ஊரு பூரா மரம்!

"நீ வீட்டுக்கு ஓடு"ன்னு செல்லக்கனியச் சொல்லிட்டு நான் ஊரு நுழையுத முக்குக்கு ஓடுனேன். நடு ரோட்டுல நின்னேன். விசில ஊதி ரெண்டு கையயும் விரிச்சு மறிச்சேன். வண்டி கிறீச்னு நிக்கி. டிரைவர் தலைய வெளிய நீட்டி வாயில வந்தத எல்லாம் பேசுதான். "தம்பி, சைரன அமத்து, இது பறவை ஊரு, போர்டப் பாரு"ன்னேன். "ஊருக்குள்ள ஒரு உசுரு கெடக்குவே!"ங்கான். "உள்ள கெடக்கது என் மகதான்டே, எனக்குத் தெரியாதா? அமத்துனாத்தான் வழி விடுவேன்"னேன். கொஞ்ச நேரம் முறைச்சுக்கிட்டே இருந்தான். பொறவு அமத்துனான். அமத்துனதும் நான் விலகிட்டேன். பின்ன, நான் என்ன மனுசத்தன்மை இல்லாதவனா?

நான் அங்கனயே நின்னேன். திரும்பி வரும்போது ஆன் பண்ணிரக் கூடாதுல்லா. தங்கையாதான் என் மகளத் தூக்கியாந்து வண்டியில படுக்கப் போட்டானாம். வண்டி திரும்பி வந்துது. உள்ள செல்லக்கனி, தங்கையா, கோமு மூஞ்சியில ஆக்சிஜன் வச்சிருக்கு. நான் டிரைவரப் பாத்து மெதுவா, மெதுவான்னு கையக் காட்டுனேன். கோமு கண்ணத் தெறந்து கண்ணாடி வழியா என்னையப் பாத்தா. ஒண்ணும் ஆகாதும்மான்னு சைகை காட்டுனேன். பாத்தா, அவ்வளவுதான். மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டா. மூச்சு முட்டும்போது அப்பிடித் திருப்புவாவ போல.

அன்னைக்கு ஒரு கூடு கலையல சார். ஒரு குஞ்சு விழல. ஊரு பூரா சுத்தி வந்து பாத்தேன், ஒண்ணு கூட விழல. எவனாவது சொன்னானா, இசக்கியப்பா நல்ல காரியம் செஞ்சேன்னு? ஒரு பய சொல்லல. எதுக்கால வந்தவன் எல்லாம் குனிஞ்சுக்கிட்டுப் போறான்.

மறுநா மொத பஸ்ஸுல திருநெல்வேலி ஆசுபத்திரிக்குப் போனேன். வயித்தக் கீறிப் புள்ளைய எடுத்துட்டாவ. பொம்பளப் புள்ள. மாசம் முடியாத புள்ள, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காவன்னாவ. ரெண்டு உசுரும் தப்பிச்சுது, இசக்கியம்மன் புண்ணியம். ஆர்லிக்ஸ் பாட்டிலும் கொய்யாப்பழமும் வாங்கிட்டு வாசல்ல போயி நிக்கேன். செல்லக்கனி வெளிய வந்தா. கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா. "உள்ள வராதீங்க. உங்க சட்டையில அந்த வாடை இருக்கு. டாக்டர் ஆகாதுன்னுட்டாவ"ன்னா. சத்தமாச் சொல்லுதா சார்! கட்டுன நாள்ல இருந்து அவ எங்கிட்ட அவ்வளவு சத்தமாப் பேசுனதில்ல. பக்கத்துல நின்னவன் எல்லாம் திரும்பிப் பாக்கான். வாடையாம்! குளிச்சு, வெளுத்த சட்டை போட்டுக்கிட்டுப் போயிருக்கேன். அந்தப் பழத்த அங்கன பெஞ்சு மேல வச்சுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

பொறவு சம்பந்தக்காரி வந்து, தாயும் புள்ளயும் எங்க வீட்டுல இருக்கட்டும்னு வள்ளியூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. செல்லக்கனியும் கூடவே போனவதான். இங்கன வரல. சேலை துணிமணி எடுக்கக் கூட அவ வரல, மாப்ளதான் வந்தான். அவன் வாய் பேசாத பையன்னு சொன்னேம்லா. பொட்டியக் கட்டிட்டுப் போகும்போது மட்டும் ஒண்ணு கேட்டான். "மாமா, அவளுக்கு மூச்சு வராம போயிருந்தா என்ன செஞ்சிருப்பீய?" இது என்ன கேள்வி சார்? நடக்காதத எதுக்குக் கேக்கணும்?

பேத்திய நான் இன்னும் பாக்கல. கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் போக? நானும் மானம் உள்ளவன். தங்கையா போன்லதான் பாத்தேன். அவன் போறான் சார், மாசத்துக்கு ஒருவாட்டி பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு. படத்துல என் பேத்தி அவன் மடியில இருக்கு. கோமு பக்கத்துல நின்னு சிரிக்கா. கண்ணு எங்க அம்மை கண்ணு, அப்பிடியே இருக்கு. "பெரிசாக்கிப் பாரும்வே"ன்னு வெரலால விரிச்சுக் காட்டுனான். நான் பாத்தேன். போனக் குடுத்துட்டேன். வயிறு எரியாதா சார்? யாரு புள்ள, யாரு மடி? எங்க ஆத்தா சாவுக்கு நீ விசில் ஊதுனல்லான்னு அவன் இப்பிடிப் பழி வாங்குதான். சிரிச்ச மூஞ்சியோட பழி வாங்குதான்.

ஆனியில எல்லாம் பறந்துருச்சு. கடசியா அந்தப் பெரிய கெளையில ஒரு குஞ்சு மட்டும் கெடந்துது, அதுவும் போச்சு. நான் வீட்டக் கழுவுனேன். ஓட்டக் கழுவுனேன், செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சேன், பாய் தலகாணி எல்லாம் புதுசு. அந்த ரூம்புல போயி மோந்து பாருங்க, ஒரு வாடை இருக்கான்னு. வெக்கத்த விட்டு நானே செல்லக்கனிக்குப் போன் போட்டேன். "எல்லாம் போயாச்சு. வீடு சுத்தமா இருக்கு. புள்ளையக் கூட்டிட்டு வாங்க"ன்னேன்.

அவ கோமுகிட்டக் குடுத்தா. நாலு மாசம் கழிச்சு என் மக கொரலக் கேக்கேன். எப்பா சாப்பிட்டியளான்னு கேட்டா. சாப்பிட்டேம்மான்னேன். அடுப்பு பத்த வைக்கவே இல்ல அன்னைக்கு. பொறவு சொல்லுதா, "எப்பா, இப்பம் கூடு எல்லாம் காலிதான. முட்டை இல்ல, குஞ்சு இல்ல. யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல. அந்தக் கெளைய மட்டும் வெட்டிருங்கப்பா. வெட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே புள்ளையத் தூக்கிட்டு வாரேன்"னா. அழுதா. எனக்கும் அழுக வந்துட்டு. பின்னால அந்தப் புள்ள சத்தம் கேக்கு, கெக்கெக்கேன்னு எதையோ பாத்துச் சிரிக்கி.

தங்கையாவுக்குச் சேதி போயிருக்கு. மறுநா காலையில ரம்பமும் கயிறும் ஏணியும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கான். "நீரு பாக்க வேண்டாம்வே, வாழைக்குப் போயிட்டு வாரும். நான் இறக்கிருதேன்"ங்கான். ஏணியச் சாத்திட்டான் சார், அந்தா மரத்துல தடம் இருக்கு பாருங்க. ஒரு காலத் தூக்கி வச்சுட்டான். நான் விசில எடுத்து ஊதுனேன். எறங்குலேன்னேன். அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான். எறங்கி, ஏணியத் தோள்ல வச்சுக்கிட்டுப் போயிட்டான். அதோட சரி, அவன் எங்கூட முகம் குடுத்துப் பேசல.

கோமு மறுபடி போன் போடல. நான் போட்டாலும் எடுக்கல. அம்மைக்கும் மகளுக்கும் அவ்வளவு வைராக்கியம்.

என்ன அப்பிடிப் பாக்கீய? நான் என்ன சொல்லுதேன்னு உங்களுக்காவது வெளங்கணும் சார், நீங்க படிச்சவுக, பறவை பாக்க வந்தவுக. இப்பம் காலிதான், நானும் இல்லன்னு சொல்லல. ஆனா மார்கழியில திரும்பி வருமே? எங்கெங்கயோ அலைஞ்சுட்டு, தன் வீடுன்னு நெனச்சு, இந்தக் கெளையத் தேடித்தான வரும்? வயித்துல முட்டையோட வந்து பாத்து, இங்கன தனக்கு எடம் இல்லன்னா, அது எங்க சார் போகும்?